பாடினவன் இல்லாத இசை

ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடற்கரை ஊரில் ஒரு கடலுணவுக் கடையில் என்னோடு மீன் வெட்டிய நம்மூர்க்காரர் அவர். நெடிய உடம்பு, எந்நேரமும் ஈரமான கைகள். ஓய்வு கிடைத்தால் ஜமைக்காவின் பழைய ரெகே டீஜேக்களின் கசெற்றைப் போடுவார். அவர்கள் பாடுவதில்லை, தாளத்தோடு பேசுகிறார்கள். எனக்கோ எரிச்சல்.

"இதிலை என்ன அண்ணை இருக்கு?"

"பாடினவன்ரை குரலை எடுத்துப்போட்டு இசையை மட்டும் விட்டிருக்கினம், தம்பி. அந்த இடத்திலை நிண்டு இவங்கள் தங்கடை கஷ்டத்தைக் கதைக்கிறாங்கள். பாடத் தெரியாத எனக்கும் அது ஏலும்தானே?"

நகரத்தின் போர்கோ வெக்கியோ பகுதியில் இருந்த தன் அறையில் அவரும் அப்படித்தான் பேசினார். சண்டை நடக்கும் ஊரிலிருந்து மனைவி பேசி அனுப்பும் கசெற்றைக் கேட்டு முடித்ததும், ரெகே இசையை ஓடவிட்டு, அவள் குரல் அழிய அதற்கு மேலேயே தன் குரலைப் பதிந்து திருப்பி அனுப்புவார். ஒரே கசெற்தான் போய்வந்துகொண்டிருந்தது.

ஒருமுறை பதிந்துவிட்டு, அனுப்புவதற்குள் செய்தி வந்தது. ஷெல் விழுந்து அவள் செத்துப்போனாள்.

நான் போனபோது அந்தக் கசெற் ஓடிக்கொண்டிருந்தது. கடை முதலாளியம்மாவான சிக்னோராவைப் பற்றியும், தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ அனுமதி இழுபடுவதைப் பற்றியும் அவர் குரல் குஷியாகக் கதைத்தது. அவரோ ஸ்பீக்கரில் காதை ஒட்டியபடி குந்தியிருந்தார்.

"நிப்பாட்டுங்கோ அண்ணை."

"பொறு தம்பி. நான் மூச்சு விடுற இடத்திலை, அடியிலை, அவளின்ரை குரல் கொஞ்சமெண்டாலும் மிஞ்சியிருக்கும்."

கசெற் முடிந்தது. மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார்.

"உனக்குக் கேக்குதே?"

"ஓம்" என்றேன். அவர் மூச்சு விட்ட இடங்களில் எனக்குக் கேட்டது தாளம் மட்டும்தான்.