போத்தல் ஊதிய நாள்

எங்கள் கம்பனிக்கு வேலை அரிசி ஏற்றுவது. லொறிகள் சம்மாந்துறை மில்களில் மூட்டை ஏற்றிக்கொண்டு கல்முனையில் உள்ள யார்டுக்கு வரும். இங்கே டீசல் அடித்துக்கொண்டு கொழும்புக்குப் புறப்படும். புறப்படுமுன் சாரதி குடித்திருக்கிறாரா என்று ஊதவைத்துப் பார்க்கவேண்டும் என்று இன்சூரன்ஸ்காரர்கள் சொல்லிவிட்டார்கள். முதலாளி ஒரு மெசினும் வாங்கி, அதை இயக்க ஆறு பேரையும் தெரிவு செய்தார். அதில் நானும் ஒருவன். நான் யார்ட் சூப்பர்வைசர், ஐம்பதைத் தாண்டியவன், சாராய வாசம் எப்படியிருக்கும் என்றுகூடச் சரியாகத் தெரியாதவன். நீந்தத் தெரியாதவனைக் கடற்கரைக் காவலுக்கு வைத்த மாதிரித்தான்.

அது ரமழான் மாதம். ஆறு பேரில் ஐந்து பேர் நோன்பு. ஆறாவது ஆள் எங்கள் ஸ்டோர்காரர். கல்முனைக் கத்தோலிக்கர், என் பழைய கூட்டாளி. அவரை ஏன் எடுத்தீர்கள் என்று முதலாளியிடம் கேட்டேன்.

"உங்க அஞ்சு பேருக்கும் அனுபவம் இல்ல. ஒராளுக்காவது இரிக்கட்டும்" என்றார்.

முதலாளிக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அந்த வருடம் ரமழானும் கத்தோலிக்கர்களின் தவக்காலமும் ஒரே நேரத்தில் வந்திருந்தன. கூட்டாளியின் மனைவி அவருடைய குடி தாங்காமல் தாய் வீட்டுக்குப் போயிருந்து, தவக்காலம் தொடங்கும்போதுதான் திரும்பி வந்தவர். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் ஒரு சொட்டுப் படக்கூடாது. பட்டால் மறுபடி பெட்டி கட்டுவேன், பிறகு வரமாட்டேன் என்பது ஒப்பந்தம். ஒவ்வொரு பின்னேரமும் மனைவி வீட்டுக் கேற்றடியில் நின்று "ஊதுங்க" என்பாராம். மெசின் கிடையாது. மூக்குத்தான். மூன்று கிழமையாக மனிதர் தப்பாமல் பாஸ் பண்ணிக்கொண்டிருந்தார்.

பயிற்சி கொடுக்க வந்தவர் பதுளைப் பக்கத்து ஆள். மெசின் விற்ற கம்பனி அனுப்பியது. நல்ல மனிதர், பொறுமையாகப் படிப்பித்தார். புதுக் குழாயை ஊதுகிறவரின் கண்ணுக்கு முன்னால்தான் உறையிலிருந்து எடுக்கவேண்டும். கால் மணித்தியாலத்துக்குள் ஏதும் தின்றீர்களா, குடித்தீர்களா என்று கேட்கவேண்டும். சத்தம் நிற்கும்வரை ஊதச் சொல்லவேண்டும். வந்த இலக்கத்தை முதலில் அவருக்குக் காட்டவேண்டும். வாக்குவாதம் கூடாது. சிரிக்கக் கூடாது. கடைசி விதியைச் சொல்லும்போது அவர் என்னைத்தான் பார்த்தார்.

"சேர், இத ஊதினா நோம்பு முறியுமா?" என்று டயர் பகுதிக்காரர் கேட்டார்.

"ஊதினா முறியாது. நீ பழக்கதோசத்துல உறிஞ்சிப்போடாத" என்றேன் நான்.

ஒவ்வொருவராக ஊதினோம். எல்லாருக்கும் சைபர். நோன்பாளிகளின் வாயிலிருந்து அந்த நேரத்தில் வரும் காற்றை மெசின் ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஏற்றுக்கொண்டதைக் கண்டு அதன் மேல் எனக்கு மரியாதை வந்தது.

"இப்ப பிரக்டிகலுங்க" என்றார் பயிற்சியாளர். பையைத் திறந்து, பத்திரிகைத் தாளில் சுற்றிய கால் போத்தல் சாராயத்தை மேசையில் வைத்தார். "சிவப்பு லைட் எரியிறத ஒவ்வொருத்தரும் பாக்கணும். பாத்தாத்தான் சேர்ட்டிபிக்கேட். யாராச்சும் ஒருத்தர் ரெண்டு மடக்குக் குடிச்சிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு ஊதுங்க. மத்த ஊர்ல இதுக்குச் சண்டையே நடக்கும்."

எங்கள் அறையில் சண்டை நடக்கவில்லை. மேசையிலிருந்து ஐந்து கதிரைகள் பின்னால் நகர்ந்தன. ஆறாவது கதிரை அசையவில்லை. எல்லாரும் அதைப் பார்த்தோம்.

"நானும் நோம்புதான்" என்றார் ஸ்டோர்காரர்.

"உங்கட நோம்புல தண்ணி குடிக்கலாமே" என்றார் டயர் பகுதிக்காரர்.

"தண்ணி குடிக்கலாம். இது தண்ணியா?"

"ரெண்டே ரெண்டு மடக்கு மச்சான். எங்க அஞ்சு பேர்ர சேர்ட்டிபிக்கேட்டும் உன்ட தொண்டையிலதான் இரிக்கி" என்று நானும் பகிடிக்குச் சொன்னேன்.

"நல்லா இரிக்கு. அஞ்சு நோம்பாளிகள் சேந்து ஒருத்தனுக்குச் சாராயம் பருக்கப் பாக்கிறீங்க. உங்கட பள்ளியில போய்ச் சொல்லட்டா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தார். கண் போத்தலிலேயே இருந்தது. அதற்குப் பிறகு எனக்குப் பகிடி வரவில்லை.

"சேர், நீங்க குடிச்சா என்ன?" என்று கேட்டேன்.

"நான் பதுளைக்கு வண்டி ஓட்டிட்டுப் போகணுங்க. எங்கிட்டயே மெசின் இருக்கு" என்றார். பிறகு யோசித்தார். "ஹெட் ஒபீஸ்ல ஆள் இல்லாமலே செய்யிற சாமான் ஒண்ணு இருக்கு. சுடுதண்ணியில சாராயத்தக் கலந்து, அதுக்குள்ள காத்த விட்டா, வெளிய வர்ற காத்து குடிச்சவன் மூச்சு மாதிரியே இருக்கும். பாரம்னு கொண்டுவரல."

ஸ்டோர்காரர் தொடைக்கடியிலிருந்து கையை எடுத்தார். "அப்ப போத்தலே ஊதட்டுமே" என்று சொல்லிவிட்டு ஓடியவர், சைக்கிள் பம்ப், பெரிய பிளாஸ்டிக் போத்தல், இரண்டு துண்டு ரப்பர் குழாய் எல்லாவற்றோடும் வந்தார். அந்த மாதம் முழுவதும் யாரும் தொடாத கேத்தலில் தண்ணீர் சூடாக்கினோம். அதையும் சாராயத்தையும் போத்தலில் ஊற்றி, மூடியில் இரண்டு துளை போட்டு, ஒன்றில் பம்பையும் மற்றதில் மெசினையும் மாட்டினோம். போத்தலை ஸ்டோர்காரர் பிடித்தார். பம்ப் அடிக்கும் பொறுப்பு எனக்கு.

சிவப்பு லைட் எரிந்தது. ஐந்து நோன்பாளிகளும் கைதட்டினோம். அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். கைதட்டல் கேட்டால் இன்னும் கொஞ்சம் செய்து காட்டுவது எனக்குப் பிறவிக் குணம். மூச்சைப் பிடித்து மூன்று முறை ஓங்கி அடித்தேன். மூடி பறந்தது. இளஞ்சூட்டுச் சாராயம் மெசினில் பட்டு, என் முகத்தில் பட்டு, மிச்சம் முழுவதும் ஸ்டோர்காரரின் நெஞ்சில் இறங்கியது.

எல்லாருக்கும் சேர்ட்டிபிக்கேட் கிடைத்தது. அவர் மட்டும் பைப்படியில் நின்று சட்டையைச் சோப்புப் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தார். சோப்பு வாசமும் சாராய வாசமும் சேர்ந்து, குடித்துவிட்டு மறைக்கப் பார்த்தவனின் வாசம் ஆனது.

"சட்டையக் கழட்டிப்போட்டுப் போ மச்சான்" என்றேன்.

"சட்டையில்லாமப் போனா, குடிவெறியெண்டே முடிவு கட்டிருவா. நீ சிரிக்காத மச்சான். இந்த முறை அவ போனா, போனதுதான்."

செய்தவன் நான். அதனால் மெசினையும் கையில் எடுத்துக்கொண்டு அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றினேன். நோன்பு துறக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பள்ளிவாசல் முன்னால் கஞ்சிக்கு வாளியோடு நின்றவர்கள், நாங்கள் கடந்து போனதும் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் மனைவி கேற்றடியில் நின்றார். நாங்கள் இறங்குவதற்கு முன்னரே அவருடைய முகம் மாறிவிட்டது.

"தங்கச்சி, கொஞ்சம் பொறுங்க. நான் இதுக்குச் சேர்ட்டிபிக்கேட் எடுத்த ஆள்" என்று தொடங்கினேன். நடந்ததைச் சொன்னேன். விதிப்படி புதுக் குழாயை அவர் கண்ணுக்கு முன்னால் உறையிலிருந்து எடுத்தேன். "மெசின் பொய் சொல்லாது. முதல்ல நான் ஊதிக் காட்டுறன், பாருங்க."

சத்தம் நிற்கும்வரை ஊதினேன். சிவப்பு எரிந்தது.

குழாய்தான் புதிது. மெசினுக்குள் இறங்கியிருந்த சாராயத்தை நான் மறந்துபோனேன். ஸ்டோர்காரர் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க நோம்புதானே, காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் அவர் மனைவி.

"அல்லாஹ்வே! நோம்பு தங்கச்சி. விடியச் சஹர் சாப்பிட்ட பிறகு துப்பல்கூட விழுங்க யோசிச்ச ஆள் நான்."

"அத நம்புறன். அப்ப இந்த மெசின என்னெண்டு நம்புற?" என்று அதைக் கையால் ஒதுக்கினார். பிறகு கணவரிடம் திரும்பினார். "இஞ்ச வாங்க. ஊதுங்க."

அவர் ஊதினார். ஒரு முறை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை. மனைவியின் மூக்கு சட்டைக்குப் போகவில்லை. நேரே வாய்க்குப் போய் அங்கேயே நின்றது. நான் படித்த விதிகளில் இல்லாத அளவு நேரம் நின்றது. பள்ளிவாசலில் நோன்பு துறக்கும் பாங்கு தொடங்கியது. நான் அந்த மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சட்டைதான் குடிச்சிரிக்கு" என்றார் கடைசியில். "மனுசன் குடிக்கல்ல. உள்ளுக்குப் போங்க. சட்டையக் கிணத்தடியில போடுங்க, வீட்டுக்குள்ள வேணாம்."

அவர் போனார். போகும்போது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரும் அழுதிருப்போமோ சிரித்திருப்போமோ தெரியாது. மனைவி ஒரு கிளாஸ் தண்ணீரும் இரண்டு பேரீச்சம்பழமும் கொண்டுவந்து, கேற்றுக்கு மேலால் நீட்டினார்.

"நோம்பத் துறவுங்க காக்கா. மறுகா முகத்தக் கழுவிட்டுப் போங்க. உங்கட வீட்டயும் ஒரு மூக்கு இரிக்கிதானே."