சவுக்கு பூத்தபின் வைத்த ஸ்போர்ட்ஸ் டே

நானூறு மீட்டரின் கடைசி வளைவில் ஷபானா நின்றுவிட்டாள். முழங்காலைப் பிடித்துக் குனிந்தவள் நிமிரவில்லை. விசிலை எறிந்துவிட்டு ஓடினேன். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் சீட்டியடித்தது.

"பயத்துல மயங்கிட்டா, வேற ஒண்ணுமில்ல" என்று மைக்கில் அறிவித்தார் தாளாளர்.

திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தேன். மைதானச் சுவரோரம் வரிசையாகச் சவுக்கு மரங்கள். மாசியில் பூத்து மஞ்சள் தூளாகக் கொட்டும். சில பிள்ளைகளுக்கு அது ஆகாது. அதனால் பொங்கல் முடிந்த கையோடு ஸ்போர்ட்ஸ் டேயை நடத்திவிடுவோம். அந்த வருடம் மார்கழியில் குளிரே இல்லை. ஸ்வெட்டர் போட்ட பிள்ளை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. தை பிறந்ததுமே டிராக்கின் சுண்ணாம்புக் கோடு மஞ்சளாகிவிட்டது.

அப்போதே தாளாளரிடம் போனேன். "சார், பூ முன்னாடியே வந்துருச்சு. பிள்ளைக இருமுதுக. தேதியத் தள்ளி வைங்க."

"சீஃப் கெஸ்ட்டுட்ட மரம் பூத்துருச்சுன்னு சொல்லச் சொல்றீங்களா? சிரிப்பாரும்மா."

தேதி மாறவில்லை. ஓட்டத்தில் மூச்சு முட்டிய ஷபானாவை ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நெபுலைசர் வைத்தபிறகுதான் மூச்சு திரும்பியது. அவள் அத்தா தோல் மண்டியிலிருந்து அப்படியே ஓடிவந்தார். "காலைல நல்லாத்தான டீச்சர் போனா? ஏன் ஓட விட்டீங்க?"

டாக்டர் சொன்னார்: "வெயில் முந்துனா பூவும் முந்தும். நீங்கதான் பழைய தேதியிலயே நிக்கிறீங்க."

திங்கட்கிழமை மைதானத்தில் ரம்பச் சத்தம். சவுக்கோடு, பிள்ளைகள் நிழலுக்கு ஒதுங்கும் புங்க மரங்களும் சாய்ந்து கிடந்தன.

"இப்ப திருப்தியா டீச்சர்?" என்றார் தாளாளர்.

"நான் தேதியத்தான மாத்தச் சொன்னேன்? புங்கமரம் என்ன சார் பண்ணுச்சு? பக்கத்துத் தெருச் சவுக்குத் தூள் இங்க வராதா? காத்துக்கு காம்பவுண்டா கட்டப் போறீங்க?" வேலை போனாலும் போகட்டும் என்றுதான் கத்தினேன்.

அடுத்த வருடமும் தூள் வந்தது. நிழல்தான் இல்லை. பெற்றோர் கூட்டத்தில் ஷபானாவின் அத்தா எழுந்து, "தேதிய மாத்துற வரைக்கும் நான் உக்கார மாட்டேன்" என்றார். மற்றவர்களும் எழுந்தார்கள். அதன்பிறகே ஸ்போர்ட்ஸ் டே ஆவணிக்குப் போனது. ஷபானா இன்ஹேலரை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். மூன்றாவதாக வந்தாள்.

இப்போது இந்த வேலைக்கு வரும் புது டீச்சர்களுக்குச் சொல்கிறேன். நாள் குறிக்கும் முன் மரத்தை நிமிர்ந்து பாருங்கள். 'மூச்சு முட்டுது' என்று ஒரு பிள்ளை சொன்னால் அந்த நிமிடமே ஆட்டத்தை நிறுத்துங்கள். மேடையில் யார் உட்கார்ந்திருந்தாலும் சரி.