ஒரு சாண் தாழ்ந்த வலை

எங்கள் வீட்டில் சோற்றுக்குப் பஞ்சம் வந்ததுண்டு, குடத்துக்குப் பஞ்சம் வந்ததில்லை. எழுபதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரியில் எவர்சில்வர் குடம் வைத்திருந்தவர்கள் அதை அலமாரிக்கு மேல் கவிழ்த்து வைத்து அழகு பார்த்தார்கள். எங்கள் அம்மாவோ ஏழு எவர்சில்வர் குடங்களைப் பைப்படியில் வரிசையாக வைத்துத் தண்ணீர் பிடித்தாள். ஒவ்வொரு குடத்தின் கழுத்திலும் ஏதோ ஓர் ஊரின் பெயரும், பெண்கள் வாலிபால் முதல் பரிசு என்றும் மலையாளத்தில் வெட்டியிருக்கும். எல்லாம் அப்பாவின் தங்கை, என் அத்தை, பந்தடித்துக் கொண்டுவந்தவை. ஆண்கள் ஜெயித்தால் கவரில் ரூபாய், பெண்கள் ஜெயித்தால் குடம். பெண்களுக்குக் காசைவிடக் குடம்தான் பிடிக்கும் என்று எந்தப் புண்ணியவான் போய்ச் சொன்னானோ, கேரளம் முழுக்க அப்படித்தான் நம்பினார்கள்.

போன வாரம் டி.வி.யில் நான்கு பேர் உட்கார்ந்து, விளையாட்டில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே சம்பளம் கொடுக்கலாமா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். கோட்டுப் போட்ட ஒருவர், "அவங்களுக்கு பவுண்டரி கிட்ட, செட் குறைவு, வலை தாழ்வு. அப்புறம் எப்படி ஒரே சம்பளம்?" என்றார். வலை என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்துவிட்டேன். அடுக்களைக்கும் வாசலுக்குமாக நான் நடந்த நடையைப் பார்த்து, "காலில் சக்கரம் கட்டியிருக்கா அம்மா?" என்றாள் மகள். அவளுக்கு என்ன தெரியும்? அந்த வலையில் என் கை பட்டிருக்கிறது. நாற்பத்தைந்து வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அத்தைக்கு இருபத்து மூன்று. ஆலுவாப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் பொட்டலம் கட்டும் பிரிவில் இருந்தாள். வாலிபால் ஆடுகிறாள் என்றுதான் எடுத்தார்கள். அதே கம்பெனிக்காக ஆடிய ஆண்களுக்கு நிரந்தர வேலை, அத்தைக்குத் தினக்கூலி. விடியற்காலையில் படகு ஏறி எறணாகுளம், அங்கிருந்து பஸ், வேலை முடிந்ததும் பயிற்சி, திரும்பி வரும்போது இருட்டிவிடும். அரை நிக்கரைப் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு போவாள். அப்படியும் ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. மிளகுக் கிடங்கில் சாக்கு தைத்துக்கொண்டிருந்த அப்பாவின் காதில் தினம் யாராவது எதையாவது போட்டார்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து எங்கள் குடும்பம் கொச்சிக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகியிருந்தும், மாப்பிள்ளை மட்டும் தென்காசியிலிருந்துதான் வரவேண்டும். அங்கே பலசரக்குக் கடைக்காரர் ஒருவர், பெண்ணைப் பார்த்துவிட்டுப் போய்ப் பதிலுக்குக் காத்திருந்தார். பந்தை விட்டுவிட்டு வரவேண்டும் என்பது அவர் வீட்டார் சொன்ன ஒரே நிபந்தனை.

அத்தை மாட்டேன் என்றாள். வீட்டில் ஒரு மாதம் சண்டை. கடைசியில் அப்பா சலித்துப்போய் ஒரு வார்த்தை விட்டார்.

"ஏட்டி, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஆம்பளைக்குக் குடுக்குற அதே கவரை வாங்கிட்டு வந்து என் கையில குடு. அப்புறம் உன் கல்யாணப் பேச்சை எடுத்தேன்னா என் பேரை மாத்தி வச்சிக்கிறேன்."

"சத்தியமாவா அண்ணே?"

"சத்தியமா."

நடக்காது என்ற தைரியத்தில் செய்த சத்தியம் அது. ஆனால் அத்தை அன்று இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

சுள்ளிக்கல் மைதானத்தில் வருஷா வருஷம் நடக்கும் போட்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டங்கள். மூன்றரைக்குப் பெண்கள், ஐந்துக்கு ஆண்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். விளக்கு வசதி கிடையாது, சூரியன் போனால் ஆட்டமும் போயிற்று. வலை கட்டுவது எப்போதும் அப்பாவின் வேலை. கயிறும் முடிச்சும் அவருக்குக் கைவந்தவை. ஒவ்வொரு கம்பத்தின் உச்சியிலும் ஒரு பள்ளம் வெட்டி, வலைக் கயிற்றை அதன் வழியாகக் கீழே கொண்டுவந்து, நுனியில் ஒரு இரும்பு வளையம் போட்டிருந்தார். கம்பத்தின் இடுப்பில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு கொக்கிகள். வளையத்தை இழுத்துக் கீழே உள்ள கறுப்புக் கொக்கியில் மாட்டினால் வலை ஆண்கள் உயரத்துக்கு ஏறும். மேலே உள்ள சிவப்புக் கொக்கியில் மாட்டினால் பெண்கள் உயரத்துக்கு இறங்கும். வித்தியாசம் ஒரு சாண். ஏற்றுவதற்கு இரண்டு ஆள் வேண்டும். இறக்குவதற்குப் பலமே வேண்டாம், சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் வளையம் கழன்று தானே மேலே போய்ச் சிவப்புக் கொக்கியில் மாட்டிக்கொள்ளும்.

மூன்றரை மணிக்குப் பெண்கள் இரண்டு அணியும் களத்துக்குள் வந்து, ஆடாமல், நடுக்கோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பன்னிரண்டு பேருக்கும் அத்தைதான் வாய். ஆண்களுக்குக் கொடுக்கிற கவரை எங்களுக்கும் கொடுங்கள், குடம் வேண்டாம் என்றாள்.

கமிட்டிச் செயலாளர் ஓடி வந்தார். பஜாரில் இஞ்சி வியாபாரம், ஊருக்கே அண்ணன், எல்லோர் வாயிலும் சேட்டன். கோபப்படவில்லை, சிரித்தார்.

"மோளே, உங்க வலை ஒரு சாண் தாழ்ந்தல்லே இருக்கு? வலை தாழ்ந்தா காசும் தாழும். அதல்லே நியாயம்?"

"டிக்கெட்டு தாழ்ந்துதா சேட்டா?"

"டிக்கெட்டை விடு. அவங்க சாடுற சாட்டம் என்ன, உங்க சாட்டம் என்ன?" என்று கையை உயர்த்தித் துள்ளிக் காட்டினார்.

அத்தை எழுந்து நின்றாள். அவள் ஒன்றும் நெட்டைக் கொக்கு இல்லை, எங்கள் அம்மாவை விட நாலு விரல் உயரம், அவ்வளவுதான். "அப்ப வலையை ஏத்துங்க. ஆம்பளை உயரத்துல நாங்க முழு ஆட்டமும் ஆடுறோம். ஆடி முடிச்சா அதே கவர் தரணும். சம்மதமா?"

கூட்டம் விசிலடித்தது. நல்ல வேடிக்கைதான் என்று சேட்டனுக்கும் தோன்றியிருக்க வேண்டும். "ஆவட்டே" என்றார். அப்பாவும் இன்னொருவருமாக வலையைக் கறுப்புக் கொக்கிக்கு இழுத்து மாட்டினார்கள். அப்பா அளவுகோலை வைத்து ஊரறியக் காட்டினார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். தங்கை தோற்றுவிடுவாள் என்று அவருக்குச் சந்தோஷமா, பயமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பெண்கள் ஓரமாகப் போய்க் கை கால்களை உதறிக்கொண்டு நின்றார்கள். நான் வலைக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். அம்மாடி, வானத்தில் கட்டியிருந்தார்கள். அத்தை எப்படி அடிப்பாள்? அடிக்காவிட்டால் தென்காசிக்குப் போய்விடுவாள். யார் என்னைப் படகுத்துறைக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள்? யார் எனக்குப் பந்து போடுவார்கள்? நின்றேன், உட்கார்ந்தேன், இரண்டு தடவை ஒன்றுக்குப் போய் வந்தேன்.

அப்போது ஆண்கள் அணிகளின் வேன் வந்தது. கூட்டம் மொத்தமும், சேட்டனும், அப்பாவும் வாசலுக்கு ஓடினார்கள். கம்பத்தடியில் அப்பாவின் சுத்தியல் கிடந்தது. இந்தக் கம்பத்தில் ஒரு தட்டு, ஓடிப்போய் அந்தக் கம்பத்தில் ஒரு தட்டு. வளையங்கள் சிவப்புக் கொக்கிக்குப் போய்விட்டன. அப்பாவின் மகள் கம்பத்தடியில் நிற்பதை யார் கவனிக்கப் போகிறார்கள்? அத்தையைக் காப்பாற்றிவிட்டேன் என்று மூச்சு வாங்க வந்து மணலில் உட்கார்ந்தேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. வேனில் வந்தவர்கள் ரயிலைப் பிடிக்க வேண்டுமாம். ஆண்கள் ஆட்டத்தை முதலில் வைத்துக்கொள்ளலாம், பெண்கள் அடுத்து ஆடட்டும் என்று சேட்டன் மைக்கில் சொல்லிவிட்டார். "ஒரு மணிக்கூறு போதும் மோளே, பேச்சு மாற மாட்டேன்" என்று அத்தையிடமும் வந்து சொன்னார். அத்தை தலையாட்டினாள். வலையை இப்போதுதானே அளந்தார்கள், மறுபடி அளக்க யாருக்கும் தோன்றவில்லை. நான் எழுந்து ஓடி வளையத்தைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. நடுவர் வந்து, "போ குட்டி, போ" என்று விரட்டினார்.

ஆட்டத்துக்கு முன்னால் ஓர் ஆட்டக்காரர் வலையருகே துள்ளிக் கையை நீட்டினார். கீழே இறங்கியதும் வலையை ஒரு தரம் பார்த்தார். எதிரணித் தலைவரும் பார்த்தார். இரண்டு பேரும் புன்னகை செய்துகொண்டார்கள், நடுவரிடம் சொல்லாமல் அவரவர் இடத்துக்குப் போனார்கள். என் குட்டு வெளிப்பட்டுவிட்டது, ஆட்டம் முடிந்ததும் என்னைப் பிடித்துக் கொடுக்கப் போகிறார்கள் என்று கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டேன்.

பிறகு அடித்தார்கள் பாருங்கள் ஓர் அடி! ஒவ்வொரு அடியும் மணலில் குழி பறித்தது. வலைக்கு மேலாக முழங்கை தெரியத் துள்ளுகிறார்கள். கூட்டம் எழுந்து ஆடியது. "இதல்லே களி, இதல்லே ஆட்டம்!" என்று சேட்டன் தொடையைத் தட்டினார். சர்வீஸ் போட்டவர்களுக்கு மட்டுமே பாயிண்ட் கிடைத்த காலம் அது. போடுகிற சர்வீஸையெல்லாம் எதிரணி அடித்து இறக்கிவிட, பாயிண்ட் ஏறாமல் ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. இரண்டு செட், மூன்று, நான்கு. வெயில் மதிலுக்கு மேல் ஏறிவிட்டது.

அத்தை உட்காரவே இல்லை. ஷூ நாடாவை அவிழ்த்தாள், கட்டினாள், வானத்தைப் பார்த்தாள், நடந்தாள். நான் அவள் பின்னாலேயே நடந்தேன்.

"அத்தே, ஒண்ணு சொல்லணும்."

"சும்மா இரு குட்டி."

"வலை வந்து..."

"சும்மா இருன்னா!"

ஐந்தாவது செட்டில்தான் நின்றாள். அசையாமல் வலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் கையைப் பிடித்தேன், சில்லென்றிருந்தது. "என்னமா அடிக்கானுவ" என்றாள், என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை. "அவ்வளவு உயரத்துல எப்படி அடிக்கான்? அவங்க வேற தினுசுதான் போல. நான் என்னத்தைத் துள்ளி என்னத்தைக் கிழிக்க."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் நான் செய்த திருட்டு வெளியே வரும், அத்தை ஏமாற்றப் பார்த்தாள் என்று ஊர் சிரிக்கும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

ஆட்டம் முடிந்தபோது பந்து கண்ணுக்குத் தெரியவில்லை. ஜெயித்தவர்களுக்கும் தோற்றவர்களுக்கும் கவர் கொடுத்து வேனில் ஏற்றினார்கள். சேட்டன் நிஜமாகவே வருத்தப்பட்டு, "வெளிச்சம் போயல்லோ மோளே, இனி அடுத்த வருஷம்" என்று சொல்லி அத்தையின் கையில் எட்டாவது குடத்தைக் கொடுத்தார். சண்டை போடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அத்தை குடத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, சேட்டன் சொன்னது சரிதான். தென்காசிக்கு எழுதிடு" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, ஆட்டம் பார்க்க வந்திருந்த அம்மாவோடு முன்னால் நடந்தாள்.

அப்பா வலையை அவிழ்க்கப் போனார். வளையத்தில் கை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். குனிந்து சிவப்புக் கொக்கியைப் பார்த்தார். அடுத்த கம்பத்துக்குப் போய் அதையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அதற்குள் தேம்ப ஆரம்பித்திருந்தேன்.

"எப்ப?"

"வேன் வந்தப்ப."

"அத்தைகிட்ட சொன்னியா?"

"இல்லப்பா."

கயிற்றைச் சுருட்டினார். அத்தை போன திசையை ஒரு தரம் பார்த்தார். கூப்பிடப்போகிறவர் போல வாயைத் திறந்தார், ஆனால் கூப்பிடவில்லை. "யார்கிட்டயும் சொல்லாதே" என்றார். அவ்வளவுதான். அடி இல்லை, திட்டு இல்லை. வழியில் சாயாக்கடையில் நிறுத்தி எனக்கு வாழைப்பழத்தில் சுட்ட பழம்பொரி வாங்கிக் கொடுத்தார், ஒன்று இல்லை, இரண்டு. தனக்குச் சாயா வாங்கி, அதைக் குடிக்காமல் ஆறவிட்டுக்கொண்டே நின்றார். என்னைக் காட்டிக்கொடுக்காத அப்பாவைப் போல ஒரு நல்லவர் மட்டாஞ்சேரியிலேயே கிடையாது என்று எண்ணெய் விரல்களை நக்கிக்கொண்டே நினைத்தேன்.

மறுநாள் காலையில் தென்காசிக்கு எழுதிய கடிதத்தை என்னிடம்தான் கொடுத்தார், தபால் பெட்டியில் போட்டுவிட்டு வரச்சொல்லி. நான் செய்த தப்பை மறந்து, என்னை நம்பி ஒரு பெரிய வேலையைக் கொடுத்திருக்கிறாரே என்று சந்தோஷமாக ஓடினேன். பெட்டியின் வாய் எனக்கு எட்டவில்லை. பந்தடிக்க அத்தை சொல்லிக்கொடுத்தபடி இரண்டு எட்டு பின்னால் வந்து, ஓடிப்போய்த் துள்ளி, உள்ளே போட்டுவிட்டேன்.