பாறைக்குப் பின்னால் ஒரு கேன்

பட்டாளத்து ஏலத்தில் எடுத்த அந்த லாரியை நினைத்தால், முதலில் கண்ணில் வருவது அதன் பச்சை நிறம்தான். எஸ்டேட்டில் எத்தனை முறை சிவப்பு அடித்தாலும் ஒரு மழைக்காலம் போனதும் உள்ளிருந்து பச்சை எட்டிப் பார்க்கும். எல்லைக்குக் குண்டும் அரிசியும் சுமந்த வண்டி. மஞ்சூர்ச் சேற்றில் மற்ற லாரிகள் படுத்துவிட, இது மட்டும் ஆறு சக்கரத்தாலும் இழுத்துக்கொண்டு ஏறிவிடும். அதை ஓட்டியவரும் பட்டாளத்தில் அதே மாதிரி வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்களுக்கு அவர் ஹவில்தார்.

நான் ஸ்டோர் கிளார்க். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ஆள். என்னிடம் போய் டீசல் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். தேயிலை மூட்டையோடு குன்னூர் போகும்போதெல்லாம் ஹவில்தார் ஒரு வளைவில் இறங்கிப் போகிறார் என்று லோடுமேன் பேச்சுவாக்கில் சொன்னார். "ஒண்ணுக்குப் போவாருங்க" என்றார். ஒவ்வொரு தடவையும் அதே வளைவிலா? ஸ்டோரில் ஒரு லிட்டர்கூடக் குறையவில்லை; அதனாலேயே எனக்குச் சந்தேகம் கூடியது. ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் போய்த் தேடினேன். பாறைக்குப் பின்னால், சாக்கு போர்த்தி, கேன் நிறைய டீசல். அடப்பாவி, சிக்கினாயா!

நேராக மேனேஜரிடம் போயிருக்கலாம். போகவில்லை. கேனை என் மேசைக்கடியில் ஒளித்தேன். காணோம் என்று ஆள் தவிப்பார், அப்போது கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று நினைத்தேன். என் புத்தி அப்படி.

செவ்வாய்க்கிழமை கோயமுத்தூரில் ஒரு கல்யாணம். ஸ்டோர் சாவியோடு லீவில் போய்விட்டேன். அன்று பார்த்து, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அக்காவைக் காட்டுமாடு முட்டித் தூக்கி எறிந்தது. தொடையில் ரத்தம் நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் இத்தலார் மண்சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. லாரியில் டீசல் கொஞ்சம்தான் இருந்தது. "வளைவு வரைக்கும் போதுமுங்க, அங்க நான் வெச்சிருக்கறேன்" என்று சொல்லி, அக்காவை ஏற்றிக்கொண்டு ஹவில்தார் குன்னூருக்குக் கிளம்பினார். பாறைக்குப் பின்னால் வெறும் சாக்குதான் கிடந்தது. கொட்டும் மழையில் ஒரு பஸ் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அக்கா பிழைத்துக்கொண்டார். ஒரு காலை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் ஹவில்தார் ஸ்டோருக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"சண்டை நடக்கற எடத்துக்கு லோடு கொண்டு போனவனுங்க நான். வழியில ஒரு கேன் ஒளிச்சு வெக்காம வண்டி எடுத்ததே இல்லீங்க. என் பென்சன்ல வாங்குன டீசலுங்க அது. எவனோ தூக்கிட்டானுங்க. எல்லார்த்துகிட்டயும் கேட்டுட்டேன். உங்களப் போயி சந்தேகப்படுவனுங்களா? உங்களுக்கு யார் மேலயாச்சும் சந்தேகமுங்களா?"

கேன் என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. "தெரியலீங்க" என்றேன். பாவி, அதை மட்டும்தான் சொன்னேன்.

அந்த வளைவு தெரிந்தவர் லோடுமேன் ஒருவர்தானே என்று ஹவில்தார் முடிவு கட்டிவிட்டார். இருவருக்கும் இன்றுவரை பேச்சு வார்த்தை இல்லை. மஞ்சூர் பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டால் மட்டும், யார் முதலில் பார்த்தாலும் கூப்பிட்டு டீ வாங்கித் தருகிறார்கள். நானும் குடிக்கிறேன்.