கையெழுத்து இல்லாத கடைசிப் பக்கம்

நெடுந்தீவைச் சேர்ந்த குணரத்தினம் அவர்கள் கடந்த செவ்வாய்க்கிழமை காலை மாரடைப்பால் காலமானார். அவருடைய தங்கை சறோஜா தொலைபேசியில் இதை உறுதிப்படுத்தினார். சொல்லி முடித்த கையோடு, "அண்ணையின்ரை பக்கத்திலை கையெழுத்து இல்லை. இனி என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

யாழ்ப்பாணத்தில் நான் வேலை செய்த பத்திரிகையில் குணம் அண்ணை கணினிப் பிரிவில் இருந்தார். பக்கம் அச்சுக்குப் போகும் நேரம் நாங்கள் கத்துவோம். அவர் கதிரையை விட்டு எழும்பமாட்டார். "நீர் கத்திறதாலை மெஷின் பயப்பிடாது. செய்தியைத் தாரும்" என்பார். ஆட்குறைப்பில் முதலில் அனுப்பப்பட்டவர் அவர்தான். பிரியாவிடை வைக்கவும் ஒருவருக்கும் நேரமில்லை. ஊருக்குத் திரும்பித் தங்கையோடு இருந்தார்.

பிறகு ஓர் அலுவலகம், தீவில் சில காணிகளை அரச ஒதுக்கீட்டில் சேர்க்கப்போவதாக அறிவித்தது. அவருடைய வீட்டுக் காணியும் அதில் இருந்தது. 'ஆட்சேபனைகள் கையெழுத்தில் இருத்தல் வேண்டும்' என்றது அறிவித்தலின் தமிழ்ப் பிரதி. பலருடைய காணி உறுதிப் பத்திரங்கள் இடம்பெயர்வில் தொலைந்துபோனவை. எல்லை எதுவென்று கல்வேலிக்கும் அதைக் கட்டியவர்களுக்குமே தெரியும். குணம் அண்ணை தட்டச்சு செய்யக்கூடியவர். ஆனாலும் அறிவித்தலை மதித்து, கனடாவிலிருந்து மருமகள் அனுப்பிய, டப் என்ற தொடுதிரைக் கணினியும் அதில் எழுதும் பேனையுமாக வீடு வீடாகப் போனார். அவர்கள் சொல்லச் சொல்லத் தம் கையால் எழுதினார். கிணறு, கல்வேலி, மாடு போகும் வழி எல்லாவற்றையும் ஓரத்தில் வரைந்தார்.

அந்த டப்போ குறிப்புகளைத் தனக்கு மட்டும் விளங்கும் கோப்பாக வைத்திருந்தது. அவற்றை அச்செடுக்கக்கூடிய பீடிஎஃப் ஆக்க ஒவ்வொன்றாக இணையத்துக்கு அனுப்பவேண்டும். தீவின் சிக்னலுக்கு அது சரிவரவில்லை. அவரே மடிக்கணினியில் ஒரு சிறு நிரல் எழுதினார். அதில் பொத்தானும் இல்லை, படமும் இல்லை. கறுப்புத் திரையில் 'கெதி', அதாவது விரைவு, என்ற ஒரு சொல்லை அடித்தால், அத்தனை குறிப்புகளும் கண் மூடித் திறப்பதற்குள் பீடிஎஃப் ஆகிவிடும்.

"குறிகட்டுவான் துறையிலை பிந்திப் பிந்தி வாற வள்ளத்துக்கும் உப்பிடி ஒண்டு எழுதுங்கோவன், அண்ணை" என்றேன்.

"அது ஏலாது. அதை ஆக்களெல்லோ ஓட்டினம்."

அலுவலகத்துக்கு அவரோடு நானும் போனேன். அச்செடுத்த கட்டை எழுதுவினைஞரிடம் கொடுத்து, அண்ணையின் நிரலைப் பற்றியும் சொன்னேன். அவர் கட்டைப் புரட்டிவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

"உதிலை ஒண்டிலையும் கையெழுத்து இல்லை, ஐயா."

"தங்கச்சி, முழுக்கக் கையெழுத்துத்தானே!"

"கையெழுத்து எண்டால் கையொப்பம், ஐயா. சைன்."

குணம் அண்ணை சிரிக்கவில்லை. "அதை அப்பிடியே எழுதியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். மொழிபெயர்த்தவருக்கு ஒரு சொல் தவறியது. அறுபது வயது கடந்தவர் மறுபடியும் சைக்கிளில் ஒவ்வொரு படலைக்கும் போனார். ஆட்சேபனை கொடுக்கும் கடைசித் தவணைக்கு முன் எல்லோருடைய கையொப்பமும் வந்து சேர்ந்தது, அவருடையதைத் தவிர. நான் ஞாபகப்படுத்தியபோது, "என்ரை எங்கை ஓடப்போகுது? நான் இஞ்சைதானே இருக்கிறன்" என்றார். தவணை முடிய மூன்று நாள் இருக்கையில் இறந்துபோனார்.

செத்தவீட்டுக்கு மறுநாள் சறோஜா மடிக்கணினியைத் திறந்து 'கெதி' என்று அடித்தார். அண்ணையின் பக்கம் உடனே வந்தது. வெள்ளிக்கிழமை, தவணையின் கடைசி நாளில், அதை அதே எழுதுவினைஞரிடம் கொண்டுபோனேன்.

"சைன் இல்லாமல் எடுக்க ஏலாது."

"ஆள் செத்துப்போனார், பிள்ளை."

எழுதுவினைஞர் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். "வடிவான எழுத்து" என்றார். பிறகு குரலைத் தணித்து, "அந்த மனுசன் கொம்பியூட்டரிலை செய்த சாமானிலை எங்களுக்கும் ஒரு கொப்பி எடுக்கலாமோ? எங்கடை ஆக்களின்ரை டப்பிலையும் கன குறிப்பு கிடக்குது" என்றார்.

 "அவற்றை தங்கச்சியைக் கேளுங்கோ" என்றேன்.

பக்கத்தின் ஓரத்தில் குணம் அண்ணையின் கல்வேலி இருக்கிறது. அதில் ஓர் இடைவெளி. 'இதாலை மாடு வரும், அடைக்க வேண்டாம்' என்று பக்கத்தில் எழுதியிருக்கிறார். அவருடைய கை அதில் தெரிந்த அளவு எந்தக் கையொப்பத்திலும் தெரியாது. போயிட்டு வாங்கோ, குணம் அண்ணை. உங்கள் பக்கத்தை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, ஏற்பதா இல்லையா என்று சட்டப் பிரிவிடம் கேட்டிருக்கிறார்கள். பதில் அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை வருமாம்.