என் சத்தம் போதாமல் போன நாள்

எங்கள் அப்பாவைப் போலக் கனத்த ஆள் அந்தத் தோட்டத்தில் வேறு யாரும் இல்லை. அரிசி தட்டுப்பாடான காலத்திலும் அவர் உடம்பு மட்டும் அந்தச் செய்தியைக் கேள்விப்படாதது போல வளர்ந்துகொண்டிருந்தது. அதனால் கயிறு இழுக்கும் போட்டி என்றால் கடைசி ஆளாக அவரைத்தான் நிறுத்துவார்கள். கயிற்றின் நுனியை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, குதிகாலை மண்ணில் புதைத்துக்கொண்டு அவர் சாய்ந்துவிட்டால், ஒரு ஜோடி மாடு வந்துதான் அசைக்க வேண்டும்.

இலங்கை மலைநாட்டில், பெரகலையிலிருந்து கொஸ்லந்தைக்கு இறங்குகிற வழியில் இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை பதுளையில் துரைமார் விளையாட்டு விழா நடத்துவார்கள். குதிரைகள் ஓடும், பிறகு துரைமாரே ஓடுவார்கள், கடைசியாகத் தோட்டத்து ஆட்கள் கயிறு இழுப்பார்கள். அந்த வருஷம் இன்னொரு விசேஷமும் சேர்ந்துகொண்டது. எங்களை வேலை வாங்குகிற பெரிய கங்காணிக்குக் கவர்மெண்டு ஏஜெண்டு துரை தன் கையால் மெடல் குத்தப் போகிறார் என்று தோட்டம் முழுக்கப் பேச்சாக இருந்தது.

கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் தங்கிப் போவதற்காகக் கொஸ்லந்தை ரோட்டோரம் அவர் ஒரு மடம் கட்டியிருந்தார். அதற்குத்தான் மெடல். நல்ல மடம். இல்லாததைச் சொல்லக்கூடாது, திருவிழாக் காலத்தில் அவரே நின்று எல்லாருக்கும் கஞ்சி ஊற்றுவார். கட்டியது மட்டும் நாங்கள். பெரட்டில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பாத ஞாயிற்றுக்கிழமைகளில், ஏறக்குறைய ஒன்றரை வருஷம், ஆண்கள் ஆற்றிலிருந்து கல் தூக்கினார்கள், பெண்கள் கூடையில் மணல் சுமந்தார்கள். புண்ணிய காரியத்துக்குக் கூலி கேட்கலாமா என்று பெரிய கங்காணி கேட்டார். அந்தச் சுமையில் அம்மாவுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு மாதம் யாரைப் பார்ப்பதானாலும் உடம்போடு திரும்பித்தான் பார்த்தாள். நானும் மடி நிறையக் கூழாங்கல் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொட்டினேன். மடத்து வாசலில் ஒரு கல் பதித்து அதில் எழுத்துகள் வெட்டினார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. எங்கள் எல்லாருடைய பெயரும் அதில் இருப்பதாகவே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விழாவுக்குப் பதினைந்து நாள் முன்பிருந்தே சாயங்காலங்களில் நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் பயிற்சி நடந்தது. தரையில் எங்கள் பக்கமாக நாலடி தள்ளிச் சுண்ணாம்பால் ஒரு கோடு, கயிற்றின் நடுவில் ஒரு சிவப்புத் துணி. துணி கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்துவிட்டால் ஜெயம். இழுக்கிறவர்கள் முகத்தை ஆகாயத்துக்குக் காட்டிச் சாய்ந்து கிடப்பதால் துணி எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. கோட்டில் ஓர் ஆள் நின்று கத்த வேண்டும். அந்த உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. “வந்துருச்சு!” என்று நான் கத்தினால் அந்த நொடியே எட்டுப் பேரும் நிறுத்துவார்கள். அப்பா ஒரு சாண்கூடக் கூடுதலாக இழுத்ததில்லை. எதற்கு வீண் பாடு என்பார். என் ஒரு சொல்லுக்கு எட்டு ஆம்பிளைகள் அடங்கி நிற்பதில் எனக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி முடியாது. சின்னக் கங்காணி மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு லயத்தில் நடந்தேன்.

முதல் நாளே மாட்டு வண்டிகளில் பதுளைக்கு வந்து சேர்ந்தோம். விழா அன்று காலையில் மழை கொட்டித் தீர்த்ததில் திடல் சேறாகக் கிடந்தது. துரைமாரும் துரைசாணிமாரும் கூடாரத்துக்குள் நாற்காலிகளில் இருந்தார்கள். வெளியே நாலு காலிப் பீப்பாய்களின்மேல் பலகை போட்டு ஒரு மேடை. எல்லாரும் பார்க்கட்டும் என்று பெரிய கங்காணியை அதில் ஏற்றிவிட்டிருந்தார்கள். கறுப்புக் கோட்டும் சரிகைத் தலைப்பாகையும் மாலையுமாக, பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான். ஏஜெண்டு துரை மெடலைக் குத்திவிட்டுக் கீழே இறங்கி, ஒரு தாளைப் பிரித்து இங்கிலீசில் படித்தார். கவர்மெண்டுக் கச்சேரியிலிருந்து மொழிபெயர்க்க வந்த முதலியார் அதைத் தமிழில் சொன்னார். கருணைக் கடல் என்றார். யாருடைய உதவியும் இல்லாமல் தனி ஒருவராகவே இந்தத் தர்மத்தை எழுப்பியவர் என்றார்.

நான் பலமாகக் கை தட்டினேன். திரும்பிப் பார்த்தால் எங்கள் ஆட்கள் யாரும் தட்டவில்லை. அப்பா குனிந்து உள்ளங்கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பாவம், கயிற்றுக்குத் தயாராகிறார்கள், கை ஒழியவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

ஜெயிக்கிற அணிக்குப் பெரிய கங்காணியே மேடையிலிருந்து வெள்ளிக் கோப்பையைக் கொடுப்பதாக ஏற்பாடு. எதிரணி வெலிமடைப் பக்கத்துத் தோட்டம். எங்கள் ஆட்கள் மேடைக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். அந்தப் பக்கம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவர் அப்பா. அங்கேதான் மண் கெட்டியாக இருக்கிறதாம்.

துணி கொஞ்சம் அங்கே போனது, கொஞ்சம் இங்கே வந்தது, பிறகு ஒரே சீராக எங்கள் பக்கம் நகர்ந்து கோட்டைத் தாண்டியது. “வந்துருச்சு!” என்று கத்தினேன். யாரும் நிறுத்தவில்லை. ஒரு துரை விசில் ஊதினார். “வந்துருச்சுப்பா! விடுங்கப்பா!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர்கள் பாட்டுக்கு இன்னும் ஓரடி, இன்னும் ஓரடி என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தார்கள். தோற்றவர்களும் எவ்வளவு தூரம்தான் சேற்றில் வழுக்கிக்கொண்டு வருவார்கள்? எல்லாருமாகக் கயிற்றை விட்டுவிட்டார்கள். எங்கள் எட்டுப் பேரும் அப்படியே மல்லாந்து போய் மேடையில் மோதினார்கள். அப்பாவின் கனம் முழுக்க முதல் பீப்பாய்மேல் இறங்கியது. ஒரு பீப்பாய் இந்தப் பக்கம் உருண்டது, ஒன்று அந்தப் பக்கம் உருண்டது, பெரிய கங்காணி மாலையும் மெடலுமாகச் சேற்றில் போய் உட்கார்ந்தார்.

நல்ல வேளை, யாருக்கும் அடி இல்லை. ஆனால் பெரிய கங்காணி துண்டு கொடுத்துவிடுவார் என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். துண்டு என்றால் தோட்டத்தை விட்டு அனுப்புகிற சீட்டு. முந்தின வருஷம் ஒரு குடும்பம் அந்தச் சீட்டோடு சட்டி பானைகளை வைத்துக்கொண்டு ரோட்டில் நின்றதை நான் பார்த்திருந்தேன். கூட விளையாடிய பிள்ளை ஒருத்தி அதில் இருந்தாள்.

இது என்ன வேலை என்று ஏஜெண்டு துரை கேட்டார். அப்பா எழுந்து கை கட்டி நின்றார்.

“தேர் வடம் புடிச்சுப் பழகுன கைங்க. சாமி நெலைக்கு வந்து சேராம வடத்த விட மாட்டோமுங்க.”

முதலியார் அதைச் சொன்னதும் கூடாரத்தில் ஒரே சிரிப்பு. பெரிய கங்காணி சிரிக்கவில்லை. கோட்டில் ஒட்டிய சேற்றை வழித்துக்கொண்டே, “பதினஞ்சு நாளாக் கோடு போட்டுத்தானடா இழுத்தீங்க? இன்னைக்கு மட்டும் கோடு தெரியாமப் போச்சா?” என்று பல்லைக் கடித்தார். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். கோட்டில் நின்று கத்துகிறவள் நான்தான் என்பது அவருக்குத் தெரியும்.

அவ்வளவுதான், எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஓடிப்போய் அவர் காலடியில் விழுந்தேன்.

“ஐயா, நான் கத்துனேங்க. எஞ் சத்தம் பத்தலைங்க. எல்லாம் என்னாலதாங்க. எங்கப்பாவுக்குத் துண்டு குடுத்துராதீங்கய்யா!”

இதையும் முதலியார் வரி தவறாமல் இங்கிலீசில் சொன்னார். ஒரு துரைசாணி கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். கூடாரத்தில் இருந்த அத்தனை பேரும் பெரிய கங்காணியையே பார்த்தார்கள். கருணைக் கடல் என்று வாசித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, மனிதர் வேறென்ன செய்வார்? என்னைத் தூக்கி நிறுத்தி, தலையில் கை வைத்து, அழாத என்றார். சிரிப்பு மாதிரி ஒன்று அவர் முகத்தில் வந்து போனது. கோப்பையை அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதை வளைந்து குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவ்வளவு பணிவை அதற்கு முன்னும் பின்னும் நான் அவரிடம் பார்த்ததில்லை.

துண்டு வரவில்லை. மடத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்ப வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரும் வர வேண்டும் என்று இருந்த பேச்சும் ஏனோ அதற்குப் பிறகு எழவில்லை. பெரிய மனிதர், ஆயிரம் வேலை இருக்கும், மறந்திருப்பார் என்று நினைத்தேன்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அவ்வளவு நம்பி என்னைக் கோட்டில் நிறுத்தினார்கள், காரியத்தைக் கெடுத்துவிட்டேனே என்று சோறு இறங்கவில்லை. தோட்டத்துக்குத் திரும்பிய மறுநாள் சாயங்காலம் அப்பா என்னைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்தார்.

“ஒஞ் சத்தத்துக்கு என்ன கொறச்சல் தாயி? மொதத் தடவ கத்துனப்பவே எனக்கு நல்லாக் கேட்டுச்சு.”

அடுப்பு ஊதிக்கொண்டிருந்த அம்மா சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். அவள் தோள் குலுங்கியது. என்னை நினைத்து அம்மா அழுகிறாள் என்று எனக்கு இன்னும் வருத்தமாகிவிட்டது. அப்பா ஒருநாளும் பொய் சொல்லாதவர், என்னைத் தேற்றுவதற்காக இப்படிப் பொய் சொல்கிறாரே என்று நினைத்தேன். அடுத்த வருஷம் இதைவிடப் பலமாகக் கத்திவிடுவது என்று முடிவு செய்துகொண்டு சோற்றில் கை வைத்தேன்.