சீட்டில் நான் எழுதிய முதல் வரி

"...பேசவே மாட்டாங்க, டாக்டர். ஒங்க நாற்காலிக்குப் பின்னாலகூட ஒரு பிள்ளை நிக்கா. மழையில நனைஞ்ச மாதிரி இருக்கா. தரையில மட்டும் ஒரு சொட்டு ஈரமில்ல."

எதிரே உட்கார்ந்திருந்த அம்மா இப்படிச் சொல்லியும் டாக்டர் திரும்பவில்லை, வார்டில் சேர்க்கச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். கதவருகே நின்ற நான்தான் எட்டிப் பார்த்தேன். சுவரும் ஒரு பெரிய காலண்டரும்தான் இருந்தன.

பாளையங்கோட்டையில் அந்த மனநல கிளினிக்கில் சீட்டுப் பதிவது என் வேலை. கூட வருகிறவர் சொல்வதை ஒரு வரியாக எழுதி உள்ளே அனுப்புவேன். ஆளின் முகத்தைப் பார்க்கும் முன்பே டாக்டர் பார்ப்பது அந்த வரியைத்தான். எனக்கோ ஜனங்களின் பேச்சென்றால் தீராத ஆசை. "தலைக்குள்ள தறி ஓடுது" என்றார் பேட்டை நெசவாளி ஒருவர், அப்படியே எழுதினேன். இந்த அம்மா ஓய்வு பெற்ற மிஷன் பள்ளி டீச்சர். மூன்று மாதம் முன்பு மகன் சொன்னார்: "செத்த பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கா, அண்ணாச்சி." அடடா, என்ன பேச்சு! ருசித்து எழுதினேன்.

அப்புறம் டீச்சர் என்ன சொன்னாலும் அந்த வரிக்குள்ளேயே போய் விழுந்தது. பேசாமல் இருந்தால் 'ஒதுங்குகிறார்' என்று குறிப்பு. மாத்திரையால் கை நடுங்குகிறது என்றால் 'ஒத்துழைக்க மறுக்கிறார்' என்று குறிப்பு. இன்று மகன் பெட்டியோடு கூட்டி வந்திருந்தார்.

"ஸார், செத்த பிள்ளைகள்னு இவுக சொல்லல." கதவருகிலிருந்தே சொன்னேன். "மகன் சொன்னாரு, நான் எழுதிட்டேன்."

"ஒமக்கு எப்பவும் வசனம்தான் வேணும், என்னவே?" என்ற டாக்டர், பேனாவை நிறுத்திவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினார். "கண்ண மூடுங்கம்மா. இப்ப நிக்காளா?"

"இல்ல. மூடினா எல்லாரும் போயிருதாங்க. தொறந்தா வந்துருதாங்க."

சுவரைக் காட்டி, காலண்டரில் என்ன மாதம் என்று கேட்டார் டாக்டர்.

"அங்கன காலண்டரா இருக்கு?" என்றார் டீச்சர். நனைந்த பிள்ளையின் சடை ரிப்பன் மட்டும் அவருக்குச் சிவப்பாகத் தெரிந்ததாம்.

"கண்ணு மங்கினா மூளை தானா படம் போடும். மொத நாளே கேட்டிருக்கணும்," என்று சொல்லி, வார்டுச் சீட்டைக் கிழித்த டாக்டர், மாத்திரையைக் குறைத்து, கண் டாக்டருக்குக் கடிதம் எழுதினார்.

"அப்ப எங்கம்மைக்கு..." என்றபடி மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

டீச்சர் எழுந்து, நான் திறந்து பிடித்திருந்த கதவுவரை வந்தார். அங்கே ஒதுங்கி நின்று, என் கண்ணுக்குத் தெரியாத யாரோ வரிசையாகக் கடந்து போகும்வரை காத்திருந்து, அப்புறம்தான் வெளியே போனார்.